லேப்டாப்புக்கு எந்த வயர்

வேலையில் எனக்கு உட்கார நாற்காலி கிடைத்தது நாற்பத்தேழு வயதில். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்றேன். தைத்து வரும் உருப்படியைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது செக்கிங். அதை உட்கார்ந்து செய்ய முடியாது. நின்று நின்று என் கெண்டைக்கால் நரம்புகள் சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டன. இனியும் நாள் முழுக்க நின்றால் புண் வைத்துவிடும், நடந்தால் பரவாயில்லை, நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிடுவது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது ஃப்ளோர் மேனேஜர் கூப்பிட்டார்.

"லேப்டாப்புல ரிப்போர்ட் போட செக்கிங் தெரிஞ்ச ஆள் வேணுங்க்கா. மேல ஆபீஸ்ல இருக்கற புள்ளைங்களுக்கு டைப் அடிக்கத் தெரியுது, தையல் தப்பு தெரியறதில்ல. நீங்க உக்காந்து பாருங்க. சரிப்பட்டு வரலீன்னா அவங்ககிட்டயே குடுத்துக்கலாம்."

கடைசியாகச் சொன்னதுதான் என் காதிலேயே நின்றது. சரிப்பட்டு வரவில்லை என்றால் லேப்டாப் மேலே போய்விடும். நான் மறுபடி டேபிளுக்குப் போக வேண்டும். டேபிளில் நிற்க முடியாது, ஆகவே வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவள். லேப்டாப்பைத் தொட்டதில்லை. ஆனால் அந்த வேலை ஒரு மாதிரி பிடிபட்டுவிட்டது. தையல் லைனின் கடைசியில் எனக்கு ஒரு சின்ன மேஜை. லைனில் தைத்து முடிகிற உருப்படிகளில் சிலதை எடுத்து, டேப் வைத்து அளந்து, போட்டோ பிடித்து, கட்டம் கட்டமாக இருக்கிற பக்கத்தில் நிரப்பி, தினமும் ஐந்து மணிக்குள், ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சரக்கைப் பார்த்து வாங்குகிற பையிங் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளும் ஐந்தைத் தாண்டியதில்லை. தாண்டினால் என்ன ஆகும் என்று நான் யாரையும் கேட்டதுமில்லை. கேட்பது எனக்கு வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால்கூட அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

அந்த லேப்டாப் முதலாளியின் மகன் வைத்திருந்து மாற்றியது. சார்ஜ் போடுகிற வயரின் முனையில் காந்தம் இருக்கும். பக்கத்தில் கொண்டுபோனாலே அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் ஒரு சின்ன விளக்கு எரியும். எல்லா லேப்டாப்பும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் அந்த வயரை எலி கடித்திருந்தது. பக்கத்தில் வேஸ்ட் துணி மூட்டைகள் கிடப்பதால் எங்கள் ஃப்ளோரில் எலிக்குப் பஞ்சமில்லை. மேனேஜரிடம் காட்டினேன்.

"வயர் ஒன்னு வாங்கிக்குங்க்கா. பில்லக் குடுங்க, ஆபீஸ்ல போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே போய்விட்டார். என்ன வயர் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் படியேறிவிட்டார்.

அன்றைக்கு லைனின் கடைசி மெஷினில் தைக்கிற பெண்தான் கைகொடுத்தாள். அவள் தெற்கே இருந்து வந்தவள். இரண்டு குழந்தைகளை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். "எக்கா, இதச் சொருகிப் பாருங்க. இந்தச் சைடுல ஓட்ட இருக்குல்லா" என்று தன் போன் சார்ஜரைக் கொடுத்தாள். காந்தம் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக வேறு ஒரு ஓட்டை இருப்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. போன் வயர் அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது. திரையில் மின்னல் அடையாளம் வந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் மின்னல் அடையாளம் இருக்கும்போதே சதவீதம் இறங்கியது. நாற்பது முப்பத்தெட்டானது, பிறகு முப்பத்தைந்து. சார்ஜ் ஏறுகிறது என்று காட்டிக்கொண்டே குறைகிறது. கழற்றி மறுபடி சொருகினேன். அப்படியேதான். குடத்தில் தண்ணீர் பிடிக்கப் பிடிக்க வற்றினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆறு சதவீதம் மிச்சம் இருக்கும்போது ரிப்போர்ட்டை அனுப்பினேன்.

வேலை விட்டதும் நேராகக் கடைவீதிக்குப் போனேன். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சின்னக் கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். கடித்த வயரை எடுத்து வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு பெட்டிகளை முன்னால் வைத்தார்.

"இது உங்களோடது மாதிரியே காந்த வயருங்க. இது டைப்-சி. ரெண்டுமே உங்க லேப்டாப்புக்கு ஆகும். எது வேணுங்க்கா?"

"எதுங்க நல்லது?"

"ரெண்டும் நல்லதுதானுங்க. நீங்க யூஸ் பண்றதப் பொறுத்துங்க. இது கால்ல மாட்டுச்சுன்னா தானா விட்டுக்கும். ஆனா இந்த லேப்டாப்புக்கு மட்டுந்தான். இது போனு, லேப்டாப்பு, எல்லாத்துக்கும் போட்டுக்கலாம். ஆனா மாட்டுச்சுன்னா விடாது, லேப்டாப்ப இழுத்துட்டு வந்துரும்."

"போன் வயரு போட்டேனுங்க. ஏறவே இல்ல."

"வயர் எல்லாம் ஒன்னு இல்லீங்க்கா. பாக்க ஒரே மாதிரி இருக்கும். உள்ள வேற."

பார்க்க ஒன்று, உள்ளே வேறு என்றால் பார்த்து வாங்குவது எப்படி? இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். அதற்குள் என் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். "யோசிச்சு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, இதுக்குப் போயி யோசனையா? எல்லாத்துக்கும் ஆகற வயர வாங்கிப் போடு. நாளைக்கு அது கெட்டுப்போனாலும் பக்கத்துல எவன்கிட்டயாவது வாங்கிச் சொருகிக்கலாம். காந்த வயரு கெட்டுச்சுன்னா யாருகிட்டப் போவ? முதலாளி மவன்கிட்டயா?"

அது சரியாகத்தான் பட்டது. டைப்-சி என்று முடிவு செய்துகொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலையில் கட்டிங் மாஸ்டர் டீ டம்ளரோடு என் மேஜைக்கு வந்தார். கம்பெனியில் யாருக்கு என்ன சாமான் வாங்குவதானாலும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும்.

"அம்மிணி, இங்க பாருங்க. உங்க ப்ளக்கு இருக்கறது அந்தச் செவுத்துல. மேஜை இருக்கறது இங்க. நடுவுல வயரு நடைபாதையத் தாண்டி வருது. இதுல ஒரு நாளைக்கு எத்தன ட்ராலி போகுது? பண்டில் தள்ற பீகார்ப் பசங்க கண்ண மேல வெச்சுட்டுத்தான் தள்ளுவானுங்க. காந்த வயரா இருக்கப்போயி இந்த லேப்டாப்பு இன்னும் மேஜை மேல இருக்குது. இல்லீன்னா எப்பவோ அது கட்டிங் வேஸ்ட்டோட மூட்டைல போயிருக்கும்."

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை அந்த வயர் கழன்று கீழே கிடக்கும். எடுத்து மறுபடி ஒட்டுவேன். அதை நான் ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தேன். அது குறையில்லையாம், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்களாம்.

"அப்ப காந்தமேங்களா?"

"அதுல என்னங்க சந்தேகம்? லேப்டாப்பு கீழ விழுந்தா நாற்காலி யாருக்கு?" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் லேப்டாப்பை மேஜையின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

அன்று சாயங்காலம் காந்த வயரை வாங்கினேன். பில்லை மடிக்கும்போது டைப்-சி பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்போது லைனில் கைக்குழந்தைகள் போடுகிற சட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை மூன்று மணி இருக்கும். தெற்கத்திப் பெண்ணின் மெஷினில் டக்கென்று ஒரு சத்தம் வந்தது. ஊசி உடைந்துவிட்டது.

ஊசி உடைவது பனியன் கம்பெனியில் தினமும் நடப்பதுதான். ஆனால் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, முழு ஊசி வருகிறதா என்று உறுதி செய்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, எங்கே உடைந்தது, எங்கே கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைன் ஓடாது. அந்தத் துண்டு துணிக்குள் போய், அந்தச் சட்டையை ஒரு குழந்தைக்குப் போட்டுவிட்டால் என்ன ஆவது? யாரும் அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விட்டுக்கொடுக்கவும் கூடாது.

அன்றைக்கு அடித்துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு அவள் மடியில் கிடைத்தது. முனையைக் காணவில்லை.

"இங்ஙனதான்க்கா விழுந்திருக்கும். எங்க போயிரும்?" என்று அவள் குனிந்து தேட ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் லைன் முழுக்கக் குனிந்திருந்தது. மேனேஜர் கைப்பிடி வைத்த காந்தக் கட்டையை எடுத்து வந்து மெஷினுக்கு அடியில், பெடலைச் சுற்றி, தரை பூராவும் தேய்த்தார். பழைய குண்டூசி ஒன்று வந்தது, ஒரு திருகாணி வந்தது, முனை வரவில்லை. அவள் தைத்த பண்டில் முழுவதையும் ஒவ்வொரு சட்டையாக மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். எதுவும் கத்தவில்லை.

"துணில இல்லீன்னா நல்லதுதானுங்களே" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"துணிலயும் இல்ல, தரைலயும் இல்ல, அப்ப எங்கங்க? ஆவியாப் போயிருச்சா?" மேனேஜருக்குக் கோபம் ஏறிவிட்டது. அவளைப் பார்த்து, "ஏம்மா, பயந்துட்டு எங்கயாவது தூக்கிப் போட்டுட்டியா? உண்மையச் சொல்லிரு" என்றார்.

"சத்தியமா இல்ல சார். எம் புள்ளைங்க மேல சத்தியம்." அவள் அழ ஆரம்பித்தாள். பக்கத்து மெஷின்காரிகள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. லைன் நின்றால் எல்லோருக்கும் கூலி நிற்கிறது.

நானும் என் மேஜைக்கு அடியில் தேடினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்தான் இருந்தது. மணி நாலே கால் தாண்டியிருந்தது. ரிப்போர்ட்டில் பாதிக் கட்டங்கள் காலி. ஏன் இவ்வளவு குறைந்தது என்று பார்த்தேன். வயர் கழன்று கீழே கிடந்தது. மத்தியானம் ஏதோ ஒரு ட்ராலி தட்டிவிட்டுப் போயிருக்கிறது. எடுத்து ஒட்டினேன். ஒட்டியது, ஆனால் விளக்கு எரியவில்லை. எடுத்து மறுபடி ஒட்டினேன். எரியவில்லை. அவ்வளவுதான், இந்த வயரும் போய்விட்டது, டைப்-சி வாங்கியிருக்க வேண்டும், வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. முனையில் பஞ்சுத்தூசி அப்பியிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். விரலில் சுருக்கென்று குத்தியது.

தூசிக்கு நடுவில், சார்ஜ் ஏறுகிற புள்ளிகளுக்குக் குறுக்கே, ஊசிமுனை படுத்திருந்தது. அரை அரிசி நீளம்கூட இருக்காது. தரையில் கிடந்த காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேனேஜரின் காந்தக் கட்டைக்கும் கிடைக்காமல் வைத்திருந்திருக்கிறது. ஃப்ளோர் முழுக்கக் காந்தம் வைத்துத் தேடிய நாங்கள் யாரும், ஏற்கெனவே கீழே ஒரு காந்தம் கிடக்கிறதே என்று நினைக்கவில்லை. நான் தினமும் கையால் தொடுகிற வயர், நானும் நினைக்கவில்லை.

முனையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். அடுத்து நான் நினைத்ததைச் சொல்லத்தான் வேண்டும். என் வயரில் கிடைத்தது என்று சொன்னால், தையல் நடக்கிற இடத்தில் காந்தம் வைத்திருந்தது நான் என்று ஆகும். ஒரு லைன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதற்குக் காரணம் நான் என்று ஆகும். லேப்டாப் மேலே போய்விடும். அதற்குப் பதிலாக, நடக்கிற மாதிரி நடந்து போய், மெஷினின் காலடியில் மெதுவாக அதை நழுவவிட்டால் போதும். யாராவது எடுத்துவிடுவார்கள். லைன் ஓடிவிடும். நான் எழுந்து நாலைந்து எட்டு அந்த எண்ணத்தோடுதான் நடந்தேன்.

ஆனால் தேடி முடித்த இடத்தில் துண்டு கிடைத்தால், அவள்தான் ஒளித்து வைத்து இப்போது போட்டாள் என்று சொல்வார்கள். அது கிட்டே போன பிறகுதான் உறைத்தது. அவள் தலை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இருக்குங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மேனேஜர் திரும்பினார்.

"எங்கங்க்கா?"

"என் சார்ஜர் வயர்லங்க. காந்தத்துல ஒட்டிட்டு இருந்துச்சுங்க. வயரு கீழ கெடந்துருக்குதுங்க."

அவர் மூன்று துண்டுகளையும் வெள்ளைத் தாளில் வைத்துப் பொருத்திப் பார்த்தார். முழு ஊசி வந்தது. தெற்கத்திப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, காந்தம் காப்பாத்திருச்சு" என்றார் கட்டிங் மாஸ்டர். "அது இல்லீன்னா அந்த முனை ஏதாவது சட்டைலதான் ஏறியிருக்கும்."

"காப்பாத்துச்சுங்களா? ஒளிச்சு வெச்சுருச்சுங்க மாஸ்டர்" என்றார் மேனேஜர். "அது இல்லீன்னா தரைல கெடந்திருக்கும். அஞ்சு நிமிஷத்துல எடுத்திருப்போம்."

"அதெப்படிச் சொல்றீங்க?"

"நீங்க எப்படிச் சொல்றீங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான்.

நோட்டில் எழுதும்போது, கிடைத்த இடம் என்ற கட்டத்தில் மேனேஜர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு லேப்டாப் வயர் என்றே எழுதினார். அந்த நோட்டில் அதற்கு முன்னால் யாரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

"இனி ஃப்ளோர்ல காந்தம் வேண்டாங்க்கா. லேப்டாப்ப மேல ஆபீஸுக்குக் கொண்டு போயிடலாமா?"

இதற்குத்தான் நான் பயந்திருந்தேன். வழக்கமாக என்றால் சரிங்க என்று சொல்லியிருப்பேன். ஏற்கெனவே இரண்டு தடவை வாயைத் திறந்துவிட்டதால் மூன்றாவது தடவையும் பேச்சு வந்துவிட்டது.

"மேல போனா உருப்படிய எப்படிங்க பாக்கறது? வேற வயரு போட்டுக்கறேனுங்க. டைப்-சி."

"அது ட்ராலில மாட்டுனா லேப்டாப்பு கீழ வந்துருமேங்க்கா?"

ப்ளக் இருக்கிற சுவரைப் பார்த்தேன். மேஜையைப் பார்த்தேன். "மேஜைய அந்தச் செவுத்தோரமாப் போட்டுட்டா வயரு குறுக்க வராதுங்களே" என்றேன்.

"அப்ப ஒவ்வொரு தடவையும் உருப்படி எடுக்க நீங்க அங்கிருந்து இங்க நடக்கோணும். கால் ஆகுமா?"

"நடந்தா பரவால்லீங்க. நிக்கத்தானுங்க கூடாது."

அவர் சரி என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதை என்னால் நம்ப முடியவில்லை.

துடைத்த பிறகு வயரில் விளக்கு எரிந்தது. அன்றைக்கு ரிப்போர்ட் ஐந்து இருபதுக்குத்தான் போனது. பையிங் ஆபீசிலிருந்து போன் வரும் என்று ஆறு மணி வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மறுநாளும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்து மணி ஐந்து மணி என்று அத்தனை நாள் நான் பதறியது எதற்கு என்றும் தெரியவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகும் ஐந்துக்குள்தான் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை பாய் கடைக்குப் போனேன். டைப்-சி வயர் என்றதும் அவர் மூன்று எடுத்து வைத்தார். ஒன்று ஒல்லி, ஒன்று தடிமன். மூன்றாவது டைப்-சி வயர்தான், ஆனால் முனையில் ஒரு சின்னக் காந்தத் துண்டு.

"இதுல ரெண்டும் இருக்குங்க்கா. எல்லாத்துக்கும் போடலாம், மாட்டுனா தானாவும் விட்டுக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. இப்படி ஒன்று இருப்பதை முதலிலேயே காட்டியிருந்தால் இதைத்தான் வாங்கியிருப்பேன். அதிலும் ஊசிமுனை ஒட்டத்தான் செய்திருக்கும்.

"காந்தம் வேண்டாங்க பாய். எங்குளுது தையல் ஃப்ளோரு. ஊசியப் புடிச்சு வெச்சுக்குது" என்றேன்.

"இத்தன வருஷமா திருப்பூர்ல கட வெச்சிருக்கேன், எவரும் இதச் சொல்லலீங்களே" என்று சொல்லிவிட்டுத் தடிமனானதை எடுத்துக் கொடுத்தார். லேப்டாப்புக்கு அதுதான் ஏறும், ஒல்லி போனுக்கு என்றார். பார்த்து வாங்குவது எப்படி என்பதற்கு ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தேன். "தடிமனா இருந்தா எல்லாம் ஏறும்னு நெனச்சுறாதீங்க" என்று அதையும் கலைத்துவிட்டார்.

மேஜை சுவரோரம் போய் மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் ஊசியே இல்லாத பேக்கிங் லைனுக்கும் ஒரு லேப்டாப் வந்தது. அதுவும் அதே மாதிரிதான், இரண்டு வயரும் ஆகும். மேனேஜர் அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க்கா, இதுக்கு எந்த வயரு வாங்கறது?"

எனக்குத் தெரியவில்லை. எது நல்லது என்று இன்னும் எனக்குத் தெரியாது. தெரியலீங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அந்த லைன்ல ப்ளக்கு எங்கிட்டு இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

அவர் லேப்டாப்பை என் மேஜை மேல் வைத்துவிட்டு, பார்த்து வருவதற்காக அந்த லைனை நோக்கிப் போனார்.